முதலில் மூட்டை, பிறகு ஆள்

சின்னப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு மணல்தான் பெரிய தலைவலி, மேடம். கடல் அதற்கு அடுத்தபடிதான். மணல் காதுக்குள் போகும், டயபருக்குள் போகும், பெட்டியின் அடியில் மடித்து வைத்து யாரும் தொடாத சட்டைக்குள்ளும் போகும். இப்போது நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் கீழே ஒரு கைப்பிடி கிடக்கும். சம்பவம் நடந்து மூன்று நாள் ஆகிறது. இது இரண்டு முறை துவைத்த கால்சட்டை. இங்கே பெருக்குகிறவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கொடியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வந்திருக்கிறேன், சொல்லாமல் போக மாட்டேன். ஸ்டேஷனுக்குள் வரும்போது பக்கத்து அறை வாசலில் விசில் மாமாவின் நீல ரப்பர் செருப்பைப் பார்த்தேன். ரிசார்ட்டின் லைஃப்கார்டுக்கு என் மகள் வைத்த பெயர் அது; உண்மைப் பெயர் உங்கள் தாளில் இருக்கும். சிவப்புக் கொடி பறக்க வேண்டிய கம்பத்தில் மஞ்சள் கொடி பறந்தது, அதை நம்பி இறங்கிய ஏழு வயதுப் பையன் கடலோடு போனான், இதற்கு விசில் மாமாவின் கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிக்கை தப்பு. தப்பான அறிக்கை ஒன்று எங்கேயோ ஒரு கோப்பில் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. தொழில் அப்படி.

நான் லிப்ட் சோதிக்கிறவன். லிப்டுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டம் மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சோதித்த தேதி, தாங்கும் எடை, கீழே ஒரு கையெழுத்து. எங்கள் ஊரில் பாதிக்குப் பாதி அந்தக் கையெழுத்து என்னுடையது. யாரும் படிக்க மாட்டார்கள். லிப்ட் நடுவில் நின்றுபோனால் மட்டும் நிதானமாகப் படித்துவிட்டு என் பரம்பரையையே திட்டுவார்கள். புது லிப்டில் நாங்கள் ஆளை ஏற்றுவதில்லை. மணல் மூட்டைகளை ஏற்றுவோம். கதவை மூடி மேலே அனுப்புவோம், கீழே இறக்குவோம், நடுவில் பிரேக் பிடித்து எங்கே நழுவுகிறது என்று பார்ப்போம். மூட்டை பத்திரமாகத் திரும்பி வந்தால்தான் ஆள். பத்தொன்பது வருடத்தில் என் கையில் எட்டு மூட்டைகள் கிழிந்திருக்கின்றன. ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

ரிசார்ட்டுக்குப் போகலாம் என்றது என் மனைவி. "ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்தா போதுங்க, நான் பழையபடி மனுஷி ஆயிடுவேன்" என்றாள். விளம்பரப் படத்தில் தென்னை மரங்களுக்கு நடுவில் கட்டிய துணி ஊஞ்சலில் ஒரு ஆணும் பெண்ணும் படுத்திருந்தார்கள். பிள்ளைகள் யாரும் படத்தில் இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு பேர். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று.

ரிசார்ட்டுக்குச் சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும். சின்னப் படகு என்பதால் படகுக்காரர் பெட்டிகளையும் ஆட்களையும் ஒரே தராசில் நிறுத்தி எடையை உரக்கச் சொல்லி எழுதினார். மகள் பதினெட்டு கிலோ. அதை ஏதோ பரிசு வாங்கிய மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். சின்னவன் பதின்மூன்று. நான் எழுபத்தெட்டு. என் மனைவியின் எடையையும் அவர் கடற்கரைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அதை இங்கே பதிவு செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை.

அதே படகில் வந்தவர்கள்தான் தொப்பிக்காரர் குடும்பம். அவர், அவர் மனைவி, ஒரே பையன். முறம் அளவுக்கு ஒரு வைக்கோல் தொப்பியை அவர் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். பையனுக்கு முன்னால் இரண்டு பல் விழுந்திருந்தது. என் பிள்ளைகள் அவனை ஓட்டைப்பல் அண்ணன் என்றார்கள், அவனும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டான். எங்களுக்குப் பக்கத்து வீட்டைத்தான் அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ரிசார்ட் மேல் புகார் சொல்ல ஒன்றுமில்லை. கீற்றுக் கூரை போட்ட சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஆறு நாளில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது மொத்தம் பதினோரு நிமிடம். அவன் தூங்கினால் இவள் எழுந்துகொள்வாள், இவள் தூங்கினால் அவனுக்கு வயிறு வலிக்கும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பெரியவர்கள் சொன்னபடி தினமும் காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள்தான் முதலில் போய் நிற்போம். எழுபது வகைப் பாத்திரங்களைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு, சின்னவன் வெறும் ரொட்டியும் சர்க்கரையும் கேட்பான். பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டிக் குளம் இருந்தது. எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் சூடு என்றார் மேனேஜர். காலை முதல் மாலை வரை பத்துப் பிள்ளைகள் அதில் கிடந்தார்கள், ஒருவர்கூடக் கழிப்பறைப் பக்கம் போய் நான் பார்க்கவில்லை. வெயில் சூடாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடலில் மட்டும் இறங்க முடியவில்லை. கரையில் ஒரு கம்பம். பச்சைக் கொடி என்றால் தாராளமாக இறங்கலாம். மஞ்சள் என்றால் முழங்கால் வரை, பார்த்து. சிவப்பு என்றால் கரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் போன நாளிலிருந்து சிவப்புதான்.

இதில் என் மகளுக்கு ஒரு சிக்கல். 'விடுமுறையில் நான் செய்தது' என்று பள்ளியில் ஒரு படம் வரையச் சொல்லியிருந்தார்கள். ஊருக்குப் போய் வந்த பிறகு வரைய வேண்டிய படம். இவளுக்குப் பொறுமை ஏது? கிளம்புவதற்கு முன்னாலேயே, கடலில் இடுப்பளவு நின்று கையை ஆட்டுகிற மாதிரி வரைந்து கொடுத்துவிட்டாள். டீச்சரும் சுவரில் ஒட்டிவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"நான் கடல்ல நின்னேன்னு வரைஞ்சுட்டேன்பா. நிக்கலன்னா அது பொய்யாயிடும்ல?"

"வேற படம் வரைஞ்சு குடுத்துக்கலாம்டா கண்ணு" என்றாள் என் மனைவி.

"அது ஒட்டிட்டாங்கம்மா."

மற்ற அப்பாக்கள் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதிப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கை அது. அப்படி ஒன்று சுவரில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை பொய்யாகக் கூடாது. "ஊருக்குப் போறதுக்குள்ள நீ கடல்ல நிப்பே" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் விசில் மாமாவிடம் போய்ப் பேசினேன். உயரமான ஒரு மர நாற்காலி, அதன் காலடியில் கொடிகள் வைக்கிற மரப்பெட்டி. பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன், பழக்கம்.

"அலை ஒண்ணும் பெருசா தெரியலையே" என்றேன்.

"மேல பாத்தா சாதுவா இருக்கும் சார். அடியில இழுக்கும். கால்ல கயிறு கட்டி இழுக்கற மாதிரி."

"எத்தன நாளைக்கு?"

"அது அதுக்காத் தோணணும் சார். கடல் என்ன என்கிட்ட கேட்டா பண்ணுது?"

காலை எட்டு மணிக்குக் கடலைப் பார்த்துக் கொடி ஏற்றுவார். ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போவார், அரை மணி நேரம். சிவப்புக் கொடி பறக்கிற நாட்களில் மட்டும்தான் அப்படிப் போவாராம். "செவப்பு இருந்தா ஒருத்தரும் எறங்க மாட்டாங்க சார். கொடியே காவல் காக்கும்" என்றார். தன் வேலையில் முழு நம்பிக்கை வைத்திருந்த மனிதர். இதை அவருக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பேச்சை நான் நம்பவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம்பினேன். முழுக்க நம்பியிருந்தால் மகளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பேன். சுத்தமாக நம்பாமல் இருந்திருந்தால் கையைப் பிடித்து நேராகக் கடலில் இறக்கியிருப்பேன். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். நடுவில் நிற்கிறவன் சோதித்துப் பார்ப்பான், வேறு என்ன செய்வான்?

நீங்களே ஏன் இறங்கிப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். எழுபத்தெட்டு கிலோவை அந்தத் தண்ணீர் இழுக்கவில்லை என்றால், அதை வைத்துப் பதினெட்டு கிலோவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அது சோதனையே ஆகாது. தவிர, எனக்கு நீச்சல் தெரியாது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைப் பற்றி ஐந்தாம் நாள் முழுக்க யோசித்தேன். காலை விடாதே என்றுதான் இருக்கிறது. யார் காலை என்று அதில் இல்லை.

அன்று மத்தியானம் ஓட்டைப்பல்லுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். என் பிள்ளைகளுக்கு வாங்கும்போது அவனுக்கும் ஒன்று, அவ்வளவுதான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே. பல் இல்லாத இடுக்கு வழியாக அதை உறிஞ்சி, என் மகளுக்கும் அப்படிக் குடிக்கக் கற்றுக் கொடுத்தான். அவளுக்குப் பல் விழவில்லை, வரவில்லை. கன்னமெல்லாம் வழிந்து, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. "நீயும் கடல்ல எறங்கலையா?" என்று அவனைக் கேட்டேன். "அப்பா விட மாட்டேங்கறாரு அங்கிள், செவப்புக் கொடியாம்" என்றான். கொடிக்குக் கட்டுப்பட்ட குடும்பம் என்று தெரிந்துகொண்டேன்.

ஆறாம் நாள், கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குப் படகு. மனைவி சின்னவனை வைத்துக்கொண்டு உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்; அவள் மடித்து வைப்பதை அவன் எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தான். நானும் மகளும் கரைக்கு வந்தோம். கம்பத்தில் சிவப்பு. விசில் மாமா சாப்பிடப் போய்விட்டார். மணி ஒன்பது பன்னிரண்டு. உங்கள் அறிக்கையில் எட்டு மணிக்கே மஞ்சள் ஏறியதாக இருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள்.

நான்தான் மாற்றினேன். சிவப்பை இறக்கி, மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மஞ்சளை ஏற்றினேன். பெட்டியில் பச்சையும் இருந்தது. பச்சையை நான் தொடவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். நான் ஒன்றும் பைத்தியக்காரன் இல்லை. மஞ்சள் என்றால் முழங்கால் வரை, பார்த்து. கொடி ஏற்றத் தெரியாதவன் என்பதால் கயிறு ஒரு முறை சிக்கிக்கொண்டது. மகள்தான் எடுத்துவிட்டாள்.

"நாமளே மாத்தலாமாப்பா?"

"பாத்துட்டு திரும்பியும் மாத்திடுவோம்."

"அப்ப நான் போறேன்."

"இரு. அண்ணன் முதல்ல போய்ப் பாக்கட்டும். அவன் நல்லா வந்தான்னா நீ போ."

தொப்பிக்காரர் மகனோடு மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வாளி மணல் அள்ளிக் கொடுத்துவிட்டு, "கொடி மாறிடுச்சே, பாத்தீங்களா?" என்றேன்.

அவர் தொப்பி விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். "அட, ஆமா. ஆனா அலை அப்படியேதான இருக்கு சார்?"

"வெவரம் தெரியாமலா மாத்துவாங்க? அவருக்கு அதுதான வேலை."

"அதுவும் சரிதான்."

"கடைசி நாளாச்சே. பையன் பாவம், அஞ்சு நாளா பாத்துட்டே இருக்கான்."

இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. பையன் அதற்குள் எழுந்து குதிக்க ஆரம்பித்துவிட்டான். எங்களிடம் காற்றடைத்த பச்சை முதலை ஒன்று இருந்தது. ஓட்டைப்பல் ஓடி வந்து அதைக் கேட்டான். காற்று குறைவாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. மிதவை வைத்துக்கொண்டு இறங்கினால் தண்ணீர் இழுக்கிறதா இல்லையா என்று தெளிவாகத் தெரியாது.

என் மகளை மர நிழலில் உட்கார வைத்துச் சன்ஸ்கிரீன் தடவினேன். தடவிப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். பதினைந்து நிமிடம் எனக்குப் போதுமானதாகப் பட்டது. ஒன்பது இருபத்தொன்றுக்கு அவர்கள் இறங்கினார்கள்.

முதல் நான்கு நிமிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். ஒவ்வொரு அலைக்கும் பையன் எகிறிக் குதித்து, இங்கே திரும்பி என் மகளைப் பார்த்துக் கையை ஆட்டினான். "பதினஞ்சு ஆச்சாப்பா?" என்றாள். "இன்னும் பத்து" என்றேன். தொப்பிக்காரர் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று, படம் எடுக்க போனை வெயிலுக்கு மறைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆறாவது நிமிடம் ஒரு அலை வந்து திரும்பியது. மற்ற அலைகளை விடப் பெரியது என்று சொல்ல மாட்டேன். திரும்பும்போது பையன் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கப் பார்த்தான். அப்புறம் அந்த இடத்தில் அவன் இல்லை. சத்தமே இல்லை, மேடம். நான் சத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தொப்பிக்காரர் போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். நானும் கத்தினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விசில் மாமா வாயில் ரொட்டியோடு ஓடிவந்தார். ஓடும்போதே நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார். பார்த்ததும் ஒரு நொடி கால் பின்னிக்கொண்டது. ஆனால் நிற்கவில்லை, நேராகத் தண்ணீருக்குள் போனார். தொப்பிக்காரரை இழுத்து வந்து போட்டார். மறுபடி போனார். நான்கு முறை போனார். கடைசி முறை அவரையே இரண்டு பேர் போய் இழுத்து வர வேண்டியிருந்தது. பையன் மத்தியானம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பாறைகளுக்கு நடுவில் கிடைத்தான்.

அவ்வளவு நேரமும் நான் மகளின் கையை விடவில்லை. பதினெட்டு கிலோவும் கரையில், என் கையில், உலர்ந்து இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், என் ஆயுளில் அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவர்கள் பையனுக்காக என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். பையனுக்காகவும் வருத்தம் இருந்தது. இல்லை என்று யார் சொன்னது?

கொடியைத் திரும்ப மாற்றத்தான் நினைத்திருந்தேன். ஆனால் சம்பவம் நடந்த இடத்தில் எதையும் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும். உங்கள் கான்ஸ்டபிள் வந்து, "நீங்க பாக்கும்போது என்ன கொடி இருந்துச்சு?" என்றார். "மஞ்சள்" என்றேன். அது உண்மை. யார் ஏற்றியது என்று அவர் கேட்கவில்லை. நல்ல பையன்தான், அடுத்த கேள்வி கேட்கப் பழக வேண்டும். விசில் மாமா, "நான் செவப்பு ஏத்துனேன், நான் செவப்புதான் ஏத்துனேன்" என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். மேனேஜர், "குடிச்சிருக்கியா?" என்று எல்லார் முன்னாலும் அவர் வாயை மோந்து பார்த்தார். ரொட்டி வாசனைதான் வந்திருக்கும்.

சாயங்காலம் தொப்பிக்காரரின் மனைவி எங்கள் வீட்டு வாசலில் சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்தார். மடியில் பையனின் ஈரத் துண்டு.

"நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"பயந்தானா?"

"இல்ல. சிரிச்சுட்டுதான் இருந்தான்."

அவர் தலையை ஆட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது பாத்தீங்களே" என்றார். அந்தப் பெண்மணிக்கு உதவியாக ஒரு வார்த்தை சொல்ல முடிந்ததில் எனக்கும் கொஞ்சம் ஆறுதல்.

இத்தனை குடும்பங்கள் இருக்க, ஏன் இந்தக் குடும்பம் என்று இன்னும் நீங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. லிப்டில் பிரேக்கைச் சோதிக்கும்போது, தாங்க வேண்டிய எடையை அப்படியே ஏற்ற மாட்டோம். அதற்கு மேல் கால் பங்கு கூட்டி ஏற்றுவோம். நூறு கிலோவுக்கு நூற்றிருபத்தைந்து. அதைத் தாங்கினால் நூறைக் கண்ணை மூடிக்கொண்டு தாங்கும். என் மகள் பதினெட்டு. பதினெட்டின் கால் பங்கு நாலரை. கூட்டினால் இருபத்திரண்டரை. படகுத் துறையில் தராசில் ஏற்றிப் படகுக்காரர் உரக்கச் சொன்னாரே, ஓட்டைப்பல் இருபத்திரண்டரை கிலோ. அன்று அந்த ரிசார்ட்டில் இருந்த பிள்ளைகளில் அந்த எடை அவன் ஒருவன்தான். மற்ற பிள்ளைகளையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், விளையாட்டுப் போல. ஒன்றும் பொருந்தவில்லை.

கவனக்குறைவு என்று நீங்கள் எழுதியதை ஏன் தப்பு என்கிறேன் என்று இப்போது புரிகிறதா? அங்கே நடந்ததில் கவனக்குறைவு எள்ளளவும் கிடையாது.

என் முறையில் ஒரு பிழை இருந்தது, அதையும் மறைக்கவில்லை. லிப்ட் ஒரு முறை தாங்கினால் மறுமுறையும் தாங்கும். கடல் அப்படி இல்லை. பையன் பத்திரமாகத் திரும்பியிருந்து, அதை நம்பி நான் மகளை இறக்கியிருந்தால், அடுத்த அலை அவளை இழுத்திருக்கும். இந்த மூன்று நாளில் நான் தூங்காதது அதனால்தான்.

விசாரணை முடியும் வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று எங்களை இங்கே டவுன் ஹோட்டலில் தங்கச் சொன்னீர்கள். ஐந்தாவது மாடி. நேற்று சாயங்காலம் பிள்ளைகளோடு கீழே வந்துவிட்டுத் திரும்பினோம். லிப்ட் கதவு திறந்தது. மகள் ஏறவில்லை. தம்பியின் முதுகில் கைவைத்து அவனை மட்டும் உள்ளே தள்ளி, எட்டிக் கையை நீட்டி மேல் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு, வெளியே வந்து நின்றுகொண்டாள்.

"நீ மேல போயிட்டு வா. நீ நல்லா வந்தீன்னா நான் வரேன்."

அவன் சமர்த்தாகக் கையை ஆட்டினான். கதவு மூடத் தொடங்கியது. என் மனைவி பையைப் போட்டுவிட்டுக் கதவுக்கு நடுவில் கையைக் கொடுத்து அவனை வெளியே இழுத்தாள். முழங்கையில் சிராய்ப்பு.

"ஏன்டி அப்படிப் பண்ணினே? ஏன்டி?"

"அப்பா அப்படித்தாம்மா பண்ணாரு. கொடிய மாத்திட்டு, அண்ணன் முதல்ல போகட்டும், நல்லா வந்தான்னா நீ போன்னாரு. அண்ணன் வரல. அதான் நான் போகல."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. பிள்ளைகளைப் படியில் நடத்தியே ஐந்து மாடிக்கும் கூட்டிப் போனாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கமிருந்து கேட்டாள், "நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" கோபத்தில் இருக்கிறாள், ஆறிவிடும். நான் யாருக்காகச் செய்தேன் என்று நிதானமாக யோசித்தால் அவளுக்கே தெரியும்.

அவள் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, மேடம். தாயைப் போல பிள்ளை என்பார்கள். இவள் என்னைப் போல. ஆறு வயதில் எந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு நிதானம் வரும்? ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கிவிட்டாள். அவள் பதினெட்டு கிலோ, தம்பி பதின்மூன்றுதான். அந்த எடை போதாது. நீங்கள் எழுதி முடித்ததும் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் வீட்டுக்குப் போய் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.